சொல்லாமல் விட்ட பதினோரு கன்றுகள்

எங்கள் ஊர் சாஸ்தாபத்தில் மாடு கன்று போட்டால் முதலில் கூப்பிடுவது டாக்டரை இல்லை, பேச்சிராஜ் அண்ணாச்சியை. கன்று பெரும்பாலும் தானாக வந்துவிடும். அதற்குப் பின்னால் விழ வேண்டிய நஞ்சுக்கொடி, நாங்கள் இளங்கொடி என்போம், அதுதான் சில மாடுகளுக்கு விழாமல் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் தாண்டினால் நாற்றம் எடுக்கும். மாடு தீனி எடுக்காது. அப்படியே விட்டால் மாடே மிஞ்சாது. அண்ணாச்சி வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், துண்டை இடுப்பில் இறுக்குவார், வலது கையில் தோள் வரைக்கும் தேங்காய் எண்ணெய் தடவுவார். அரை மணி நேரத்தில் கொடி மொத்தமும் வெளியே கிடக்கும். முப்பது வருஷமாக இதைச் செய்கிறார். ஒரு காப்பிக்கு மேல் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. அவருக்குக் கைராசி என்று ஊரே சொல்லும்.

என் பெயர் பரமசிவன். வடகரைக்குத் தெற்கே இருக்கிற இந்தச் சின்ன ஊரின் பால் சங்கத்துக்கு இருபது வருஷமாக நான்தான் செகரட்டரி. காலையும் மாலையும் பால் ஊற்ற வருகிறவர்கள் வாயைப் பார்த்தே எந்த வீட்டில் என்ன சங்கதி என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அது எப்படி உடைந்தது என்பதும் இதில் வரும்.

அண்ணாச்சியிடம் சில பிடிவாதங்கள் உண்டு. ரப்பர் உறையைக் கொடுத்தால் தொடக்கூட மாட்டார். "உறை போட்டா கைக்குக் கண்ணு தெரியாதுல்லா" என்பார். ஒரே காலையில் இரண்டு வீட்டில் வேலை வந்தால் நடுவில் சோப்பு போட மாட்டார். தொட்டித் தண்ணீரில் கையை முக்கி, துண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவார். முந்தின மாட்டு வாடை கையில் இருந்தால்தான் அடுத்த மாடு மிரளாது என்பது அவர் கணக்கு. சும்மா சொல்லக் கூடாது, ஆளை முட்டித் தள்ளுகிற மாடும் அவர் பக்கத்தில் வந்தால் அசையாமல் நிற்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய பிடிவாதம், ஒரு வீட்டு மாட்டுச் சங்கதியை இன்னொரு வீட்டில் பேச மாட்டார்.

அது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது மாடு வளர்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். மாசம் நிறையாமல் மாடு கன்றைக் கீழே போட்டுவிட்டால் எங்கள் பக்கம் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். கன்று வீசின மாடு என்று பெயர் விழுந்துவிட்டால் சந்தையில் அதை ஏறிட்டுப் பார்க்க ஆள் இருக்காது. பால் ஊற்றப் போனால் நாலு பேர் முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் செத்த கன்றைத் தென்னைமூட்டில் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் கன்று வீசின மாட்டுக்குத்தான் இளங்கொடி அதிகம் ஒட்டும். அண்ணாச்சியைக் கூப்பிடாமல் முடியாது. அவரும் வந்து, எடுத்துக் கொடுத்துவிட்டு, நாம் கேட்காமலே, "நான் இங்கன வரவும் இல்ல, ஒண்ணையும் பாக்கவும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாசம் என் வீட்டிலும் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார். சந்தையில் புதிதாக வாங்கின சினை மாடு, ஏழாம் மாசம் கன்றை வீசிவிட்டது. சங்கத்துச் செகரட்டரி வீட்டிலேயே இப்படி என்றால் ஊர் என்ன பேசும்? நானும் தென்னைமூட்டில் ஒரு குழி வெட்டினேன்.

அண்ணாச்சியின் மனைவி முப்பிடாதியம்மாள் எனக்கு மதினி முறை. பீடி சுற்றுகிறவர். மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பேச்சு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். போன மாசி மாசம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும், விடிவதற்குள் தலையணை நனைகிற வியர்வை, பகலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். டைபாய்டு என்று இரண்டு தடவை மாத்திரை கொடுத்தார்கள். நின்றது, திரும்பி வந்தது. அப்புறம் இடுப்பு வலி பிடித்துக்கொண்டு, தட்டை வைத்து உட்கார முடியாமல் போயிற்று. சென்னையில் போலீஸாக இருக்கிற மகன், மாமியாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தன் மனைவி ஸ்வாதியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அது டவுனில் வளர்ந்த பிள்ளை. மாட்டுக்கொட்டில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வந்து இரண்டு மாசத்தில் அதுவும் முழுகாமல் இருக்கிறது என்று தெரிந்து, நோய் பிடித்த வீட்டில் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கடைசியில் தென்காசியில் ஒரு டாக்டர்தான், "வீட்டில் மாடு உண்டா?" என்று கேட்டு, தனியாக ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தது. புருசெல்லோசிஸ். மாடு கன்று வீசுகிறதே, அதே கிருமி. வீசின கன்றிலும் இளங்கொடியிலும் கோடிக்கணக்கில் இருக்குமாம். வெட்டுக்காயம் வழியாகவும், காய்ச்சாத பால் வழியாகவும் மனுஷனுக்கு வருமாம். ஆறு வாரம் விடாமல் மாத்திரை, கூடவே ஊசி. அண்ணாச்சிக்கும் பார்த்தார்கள். அவருக்கு எப்போதோ வந்து போயிருக்கிறது என்றார்கள். முழங்கால் வலியெல்லாம் வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்த மனுஷர். மாட்டைத் தொடாத ஸ்வாதிக்கு ஒன்றும் பார்க்கவில்லை.

மதினி படுத்துக் கிடந்த ஐந்து மாசமும் அண்ணாச்சி பேசாமல்தான் இருந்தார். நோயின் பேர் தெரிந்த அன்றைக்குச் சங்கத்துக்கு வந்து, பால் கேன் மேல் உட்கார்ந்து, அப்படிக் கத்தினார்.

"ஏ பரமசிவம், எவன் வீட்டு மாடுன்னு தெரியணும்லே எனக்கு. எவனோ சீக்கு மாட்டக் கொண்டாந்து கட்டிருக்கான். அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு நான் ஒரு வார்த்த கேக்காம விட மாட்டேன்."

நான் பால் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். "ஆமா அண்ணாச்சி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அடுத்த வாரமே கால்நடை டாக்டர் முஹ்ஸினா வந்துவிட்டார். வடகரைப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சாரல் அடிக்கிறது, ஒரு குடையும் இல்லாமல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முதலில் அண்ணாச்சி வீட்டு மாடு இரண்டையும் பார்த்தார். இரண்டும் சுத்தம். அப்புறம் என்னிடம் வந்து, "செகரட்டரி சார், இந்த வருஷம் ஊர்ல எத்தனை மாடு கன்னு வீசிருக்கும்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். நம்மூரு மாடெல்லாம் சுகமா இருக்கு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குளத்தங்கரை ஆலமரத்தடிக்குப் போய் அண்ணாந்து நின்றார். எங்கள் ஊரில் நல்லபடியாகக் கன்று போட்ட மாட்டின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, பால் வடிகிற மரமாகப் பார்த்துத் தொங்கவிடுவோம். மாடும் அப்படிப் பால் வடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. வீசின கன்றின் கொடியை அங்கே கட்ட மாட்டோம். டாக்டர் மூட்டைகளை எண்ணினார். கையில் சினை ஊசி போட்ட பதிவேடு இருந்தது.

"புதுச் சாக்கு இருபத்தி ஏழு இருக்கு. சினைன்னு எழுதுனது முப்பத்தி நாலு. மிச்சம் மாடெல்லாம் என்ன போட்டுச்சு?"

நான் தலையைச் சொறிந்தேன். உள்ளுக்குள் இந்தப் பிள்ளை லேசுப்பட்டது இல்லை என்று பயமாகவும் இருந்தது, மரியாதையாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த முப்பத்தெட்டு வீட்டிலும் மாதிரி எடுத்தார். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பால், அதில் ஒரு சொட்டு நீல மருந்து, ஒரு மணி நேரம் சூட்டில் வைக்க வேண்டும். நல்ல பால் மொத்தமும் வெளிறிய நீலமாக இருக்கும். கிருமி பட்ட மாட்டுப் பாலில் நீலம் மேலே ஏறி ஒரு வளையமாக நின்றுவிடும். என் வீட்டுப் பாலுக்கு நான் ஒரு வேலை செய்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. மாட்டுப் பாலுக்குப் பதில் எங்கள் எருமைப் பாலைக் கொடுத்தேன்.

டாக்டர் குழாயைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காமல், "செகரட்டரி சார், இது எருமை. மாட்டுப் பாலு கொண்டாங்க, நான் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பதினோரு குழாயில் வளையம் நின்றது. ஒன்று என்னுடையது. திருநெல்வேலிக்கு ரத்தம் போய்த் திரும்பி வந்தும் அதே பதினொன்றுதான். ஆனால் எது முதல், எதிலிருந்து எதற்குப் போனது என்று குழாய் சொல்லாது. அது தெரிந்தால்தான் அடுத்து எந்த மாட்டைத் தனியாகக் கட்ட வேண்டும், எந்தக் கன்றுக்கு முதலில் தடுப்பூசி போட வேண்டும், எந்த வீட்டு மனுஷருக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். டாக்டர் வீடு வீடாகப் போனார். பதினோரு வீட்டிலும் ஒரே பதில். "எங்க மாடு வீசவே இல்லைம்மா."

அண்ணாச்சியைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது தாயி" என்றார். அவருக்குத் தெரியாமல் இருக்காது என்று ஊருக்கே தெரியும். டாக்டர் வற்புறுத்தவில்லை. "உங்களுக்கே தெரியலேன்னா யாருக்குத் தெரியப் போவுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று அண்ணாச்சி பின்னால் சொன்னார். மதினி பழக்க தோஷத்தில் தட்டை இழுத்து மடியில் வைத்திருக்கிறார். இலையை எடுத்துக் கத்தரியை வைக்கப் போனவர் அப்படியே பக்கத்தில் சாய்ந்துவிட்டார். இலை மட்டும் கையில் இருந்ததாம். "அந்த எலைய வாங்கி வைக்கும்போது முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

மறுநாள் சங்கத்துக்கு வந்தார். டாக்டரும் இருந்தார். அண்ணாச்சி முதலில் என்னைப் பார்த்தார்.

"பரமசிவம், இத்தன வருசமா நான் வாயத் தொறந்ததில்ல. இப்பம் தொறக்கப் போறேன். மொதல்ல உன் வீட்டத்தான் சொல்லணும். நீ இருந்தாலும் இரி, போனாலும் போ."

"நானே சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன். சொன்னேன். சந்தையில் வாங்கினது, ஏழாம் மாசம், தென்னைமூடு, எல்லாம். சொல்லி முடித்ததும் அவர் என் மேல் பாய்வார் என்று நினைத்தேன். அவர் தேடிக்கொண்டிருந்த மூஞ்சி என்னுடையதுதானே. ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டர் ஒரு தீவன விளம்பரத் தாளைத் திருப்பிப் போட்டு என் பெயரை எழுதி வட்டம் போட்டார். அண்ணாச்சி அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

அவருக்குத் தேதி தெரியாது. ஆனால் ஒரு நாளைச் சொன்னால் அன்றைக்கு முழுக்கச் சொல்வார். "பரமசிவம் வீட்டுல முடிச்சிட்டு வெளிய வாறேன், மணி ஏழு. தளவாய் மகன் வந்து நிக்கான், மாடு கன்னு போட்டுட்டு, கொடி விழலன்னு. அங்கன போனேன். அங்க காப்பி குடிச்சிட்டு இருக்கும்போதே மேலத்தெருவுல இருந்து ஆள் வந்துட்டு. மறுநா விடியக்காலம் வாய்க்கால் கரை வீடு." டாக்டர் மூன்று பெயரையும் எழுதினார். "அந்த மாடெல்லாம் நல்லபடியா கன்னு போட்டதுதான?" என்று கேட்டார். "ஆமா, அந்த ஈத்துல நல்ல கன்னுதான். அடுத்த ஈத்துல மூணும் வீசிட்டு" என்றார். "அந்த மூணுக்கும் நீங்கதான் போனீங்களா?" "நாந்தான். தளவாய் வீட்டுல எடுத்த அன்னைக்கு அங்க இருந்து ரெண்டு வீடு போனேன்." டாக்டர் கை வட்டத்திலிருந்து வட்டத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டே வந்தது. என் வீட்டிலிருந்து மூன்று கோடு. அந்த மூன்றிலிருந்து ஏழு. அந்த ஏழு மாடும் இந்த வருஷம் நான்கு மாசத்துக்குள் கன்று வீசியவை.

பதினோரு வீட்டுக்காரரும் நம் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஊரிலேயே எல்லாவற்றையும் தெரிந்த ஒரே மனுஷர் அவர். அவரோ ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டை மறந்துவிட்டுத்தான் இறங்கினார். அதுதான் நாணயம் என்று அவர் நினைத்தது. பதினொன்றையும் ஒரு தடவைகூட ஒன்றாகச் சேர்த்து அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். விரலை ஒரு கோட்டின் மேல் வைத்தார். மெதுவாக அடுத்த கோட்டுக்கு நகர்த்தினார்.

"தாயி, இந்தக் கோடெல்லாம் நான் நடந்த வழில்லா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "பொதுத் தொட்டித் தண்ணியில பரவலாம், நாய் இழுத்துட்டுப் போயி பரவலாம், உங்க கை மட்டும்னு சொல்ல முடியாது அண்ணாச்சி" என்றார்.

"எத்தன கோடு வேற வழியா வந்திருக்கும்?"

"தெரியல. ஒண்ணு ரெண்டு இருக்கலாம்."

அவர் வலது கையை எடுத்து மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அன்றைக்கு முழுக்க அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை. காப்பியை இடது கையால் குடித்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆரம்பித்து வைத்தது என் மாடு, மூடி மறைத்தது நான், தலை குனிந்து உட்கார்ந்திருப்பது அவர்.

வெட்டுக்காயம், துண்டு, மதினி விரல், எல்லாவற்றையும் டாக்டரே சொல்லிவிட்டார். பீடி இலை வெட்டுகிற கைகளில் எப்போதும் சின்னச் சின்ன வெட்டு இருக்கும். அவர் கை துடைத்துக்கொண்டு வந்த துண்டை அந்தக் கைகள்தான் துவைத்தன.

அடுத்த மூன்று நாள் அவர் வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன், என் பங்கைச் சொல்ல. "உங்க மாட்டுக்கு வந்தது என் கையால வந்தது. அடுத்த ஈத்துக்கு என்னக் கூப்பிடாதிய. டாக்டரக் கூப்பிடுங்க. கொடியக் கையால தொடாதிய, சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதைங்க." இதையே பத்து வீட்டிலும் சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை.

தளவாய் சிரித்தேவிட்டான். "உங்க கைக்கா? நல்லாச் சொன்னிய. இந்த டாக்டர்ப் பிள்ள உங்களக் கிறுக்காக்கிட்டு அண்ணாச்சி." மேலத்தெருவில் ஓர் அம்மா, அவர் வாயால் அப்படிச் சொல்லக் கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் எங்கள் வீட்டு விஷயத்தை டாக்டரிடம் ஏன் சொன்னீர்கள் என்று கேட்காத வீடு ஒன்றுகூட இல்லை. வாய்க்கால் கரை வீட்டில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. நோயை மன்னித்தார்கள், சொன்னதை மன்னிக்கவில்லை. எங்கள் ஊர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. அதே ஊரில்தான் நான் எருமைப் பாலைக் கொடுத்தேன் என்பதையும் மறக்கவில்லை.

ஒரே வீட்டில் மட்டும் அவர் இன்னும் சொல்லவில்லை. மதினியிடம். "நாளைக்குச் சொல்லுதேன்" என்று மூன்று நாள் தள்ளினார். ஊர் நம்பாதது அவருக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதலாகக்கூட ஆகிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் திரும்பி வரும்போது, "ஒருவேள தொட்டித் தண்ணியாத்தான் இருக்குமோ பரமசிவம்?" என்றார். நான் அவர் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். விட்டால் அப்படியே விட்டுவிடுவார்.

மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது, முகத்தில் கொஞ்சம் தெளிவு. அண்ணாச்சி நின்றுகொண்டே சொன்னார். என் மாட்டிலிருந்து ஆரம்பித்து, கோடு கோடாக, துண்டு வரைக்கும். நடுவில் நிறுத்தினால் முடிக்க மாட்டோம் என்கிற வேகத்தில் சொன்னார்.

மதினி உடனே நம்பினார். ஊரிலேயே உடனே நம்பியது அவர் ஒருவர்தான். ஆனால் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தத் துண்டா?" என்றார்.

"ஆமா."

"நான் படுத்ததுக்கப்புறமும் நீங்க மாட்டுக்குப் போனியளா?"

"போனேன். நாலஞ்சு வீடு."

"அந்தத் துண்ட ஆரு தொவச்சா?"

அண்ணாச்சிக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. மதினி அடுக்களைப் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல், "ஸ்வாதிதான தொவைக்கா" என்றார்.

டாக்டர் போட்ட தாளில் அந்தக் கோடு இல்லை. மாட்டைத் தொடாத பிள்ளை என்று ஆஸ்பத்திரியில் விட்டார்கள், நாங்கள் விட்டோம், டாக்டரும் விட்டுவிட்டார். படுத்துக் கிடந்த ஒரு பொம்பளைதான் அடுத்த கோட்டை இழுத்தார். வயிற்றில் ஐந்து மாசம். மாட்டைக் கன்று வீச வைக்கிற கிருமி பிள்ளைத்தாய்ச்சியின் கருவையும் கலைத்துவிடலாம் என்று தென்காசி டாக்டர் சொன்னது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

மதினி அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு வந்தது போட்டும். அவளுக்கு வந்திருந்தா உங்கள நான் மன்னிக்கவே மாட்டேன். என்ன ஆனாலும் மாட்டேன்."

டாக்டருக்குப் போன் போட்டேன். துண்டைப் பற்றிச் சொன்னேன். "நான் கேட்டிருக்கணும்" என்றார். அன்றைக்கே ஸ்வாதியைத் தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுத்தோம். முடிவு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். அந்த நான்கு நாளும் மதினி அண்ணாச்சியோடு பேசவில்லை. ஸ்வாதி மட்டும், ஒன்றும் நடக்காத மாதிரி எல்லோருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது. அது பயத்தைக் காட்டாமல் இருந்ததுதான் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது. அண்ணாச்சி ஒரு வீட்டுக்கும் போகவில்லை. தளவாய் வீட்டில் இன்னொரு மாட்டுக்குக் கொடி ஒட்டிக்கொண்டது என்று ஆள் வந்தபோது, டாக்டர் நம்பரைக் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான்காம் நாள் சாயங்காலம் டாக்டரே முடிவு எழுதின தாளோடு வந்தார். மழை பிடித்துக்கொண்டதால் தாளைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"இல்ல. ஸ்வாதிக்கு ஒண்ணும் இல்ல."

மதினி அவரை உள்ளே கூப்பிட்டு, தாளை வாசிக்கச் சொல்லி இன்னொரு தடவை கேட்டார். ஸ்வாதி கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டது. பிள்ளை பிறக்கும் வரைக்கும் இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தத் துண்டு இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றெல்லாம் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். முப்பது வருஷத்தில் நான் பார்க்காதது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் மழையைப் பார்த்தேன்.

 நான்கு நாளைக்குப் பிறகு மதினி அவரிடம் பேசினார்.

"எனக்குன்னு தெரிஞ்சப்ப ஒரு சொட்டு அழல நீங்க. ஒண்ணும் இல்லன்னு வந்ததுக்கு இப்பம் ஏன் அழுதிய?"

அண்ணாச்சி தலையை நிமிர்த்தவில்லை.

"அப்பம் எவன் வீட்டு மாடுன்னு தேடிக்கிட்டுத் திரிஞ்சேம்லா, முப்பிடாதி."